புல்லுப்பண்ணைத் தண்ணீர்

என் கணவர் துளசிராம் மதுரையில் பொறியாளராக இருந்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் பாலமோ கட்டடமோ கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பார்த்தது சாக்கடை. ஊரார் குளித்து, துவைத்து, கழுவிக் கீழே விட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வேலை என்பதைவிடப் பிரியம் என்று சொல்லலாம். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை லாம்பி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். திருப்பரங்குன்றம் கோயிலுக்குத்தான் என்று நான் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். அவர் கொண்டுபோய் நிறுத்தியது புல்லுப்பண்ணையில்.

நகரத்துக் கழிவுநீரைப் பம்பு வைத்து இறைத்து அங்கேதான் பாய்ச்சினார்கள். அந்தத் தண்ணீரில் தீவனப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. மாடு வைத்திருப்பவர்கள் விடியற்காலையிலேயே வந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்கள். எப்படி ஒரு பச்சை பார் என்றார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பச்சைதான் என்றேன். அன்று முழுவதும் அவருக்குச் சந்தோஷம்.

எங்கள் வீடு மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். எல்லோருக்கும் புரியட்டும் என்று இங்கே தமிழில் எழுதுகிறேன். மாமியார் சாரதாம்பாள் ஆசாரம் பார்ப்பவர். மகன் வேலை முடிந்து வந்தால் வாசல் வழியாக வரக்கூடாது. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். "படிக்க வைத்தது இதற்குத்தானா?" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். இவர் சுவருக்குப் பின்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளிப்பார்.

எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. வைகையில் பையன்கள் பந்து விளையாடினார்கள். எங்கள் தெருக் குழாய்க்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. புல்லுக்குப் பாய்ந்தது போக மிச்சத் தண்ணீர் ஓடையில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. அதை வரிசையாக ஆழமில்லாத குட்டைகளில் தேக்கினால் வெயிலும் பாசியும் சேர்ந்து பெரும்பாலும் சுத்தப்படுத்திவிடும். கடைசிக் குட்டையில் கெண்டை மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் பயிருக்கு ஆகும் என்று அர்த்தம். அங்கிருந்து ஒரு குழாய் போட்டு, தென்மேற்கே காய்ந்து கிடக்கும் ஓடைக்கரைப்பட்டிக் கண்மாயில் கொண்டுபோய் விடவேண்டும். இதுதான் திட்டம்.

வரைபடம் எங்கள் கூடம் முழுவதும் விரிந்து கிடந்தது. ஓரங்கள் சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் என் சமையலறைச் செம்பும் உழக்கும் உட்கார்ந்திருக்கும். மாமியார் பூஜைக்குப் போகும்போது அதை மிதிக்காமல் சுவரை ஒட்டிச் சுற்றிப் போவார். காகிதத்துக்கு மரியாதை கொடுத்தாரா, சாக்கடை காலில் படக்கூடாது என்று நினைத்தாரா, நான் கேட்டதில்லை. சோதனைக்காகப் புல்லுப்பண்ணையிலேயே சின்னதாகச் சில குட்டைகள் வெட்டியிருந்தார்; அதில் கடைசிக் குட்டையின் தண்ணீரை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து வந்து, அதில் இரண்டு மீன்குஞ்சு விட்டு ஜன்னலில் வைத்திருந்தார். ஆபீசிலிருந்து யார் வந்தாலும் முதலில் மீனைத்தான் காட்டுவார்.

முதலில் அவர் போய்க் கேட்டது எங்கள் சனத்துச் சாயப்பட்டறைக்காரர்களிடம். அவர்களுக்கும் தண்ணீர் இல்லை. என் சித்தப்பா ராஜாராம் பட்டறை வைத்திருந்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, சாயம் நல்லாவே ஏறும். ஆனால் சேலை வாங்குகிறவள் அதை முதலில் மோந்து பார்ப்பாளே" என்றார். அதோடு அந்த வாசல் மூடியது.

ஓடைக்கரைப்பட்டிக்காரர்களுக்கு அப்படி இல்லை. அங்கே நிலம் பிளந்து கிடந்தது. செலவில் பாதியை அரசாங்கம் கொடுக்கச் சம்மதித்தது. மிச்சத்துக்கு வங்கிக் கடன். வங்கிக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கண்மாய்க்குக் கீழே நிலம் உள்ள எல்லோரும் சங்கமாகச் சேர்ந்து, பங்குத்தொகை கட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். பாதி ஊர் சேர்ந்தால் போதாது. மார்ச் முடிந்துவிட்டால் அரசாங்கம் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். மறுபடி யார் கேட்டாலும் கிடைக்காது. அவருடைய மேலதிகாரி, முயற்சி செய்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஆடியிலிருந்து ஞாயிறு தவறாமல் இவர் ஓடைக்கரைப்பட்டிக்குப் போனார். அந்த ஊரில் எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று. தலைமுறை தலைமுறையாக விவசாயம். விருமாண்டி என்பவர் சொன்னால் ஊர் கேட்கும். அவர் வீட்டில்தான் இவருக்கு நாற்காலி போடுவார்கள். இவர் சொல்லுவதையெல்லாம் கேட்பார்கள். சந்தேகம் கேட்பார்கள். தலையாட்டுவார்கள். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவும் இல்லை. ஒரு வாரம் அமாவாசை, அடுத்த வாரம் ஊரில் ஒரு சாவு, அதற்கடுத்த வாரம் பெரியவர் வெளியூர் போயிருக்கிறார். ஐப்பசி போனது, கார்த்திகை போனது. இவர் சாப்பாடு குறைந்தது. ஜன்னல் மீனோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஒருநாள் விருமாண்டியும் அவர் மனைவி ஜெயக்கொடியும் மகள் செல்லத்தாய்க்குச் சீர்ப் பாத்திரம் வாங்க டவுனுக்கு வந்தார்கள். வைகாசியில் கல்யாணம். பாத்திரக்கடை வாசலில் அவர்களைப் பார்த்த இவர் விடவில்லை; கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். கூடத்தில் கிடந்த வரைபடத்தைப் பார்த்ததும் விருமாண்டி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தன் கண்மாய் எங்கே இருக்கிறது என்று குந்தி உட்கார்ந்து தேடினார். இருவரும் அதிலேயே மூழ்கிவிட்டார்கள்.

நான் காபியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தேன். ஜெயக்கொடி, இப்பத்தான் குடித்தோம் தாயி என்று தட்டை ஒதுக்கினார். விருமாண்டி தட்டைப் பார்க்கவே இல்லை. தண்ணீராவது குடியுங்கள் என்றேன். வேணாம் தாயி என்றார். பாத்திரக்கடையில் நின்று நின்று நாக்கு வறண்டிருந்தது பார்த்தாலே தெரிந்தது. வேண்டுமென்றேதான் செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அடுப்படிப் பக்கம் வாங்க அக்கா, கொல்லையைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டேன். கிணற்றடியில் நின்று, எங்கள் மேல் என்ன கோபம் என்று நேராகவே கேட்டேன்.

அவர் துவைகல்லில் உட்கார்ந்தார்.

"கோவமெல்லாம் என்ன தாயி. உங்க வீட்டுக்காரரு எங்க வீட்டுக்கு இத்தன மாசமா வாராரு. ஒரு நாளு சோத்துல கை நனைச்சதில்ல. சரி, சம்பந்தம் பேச வந்தவுகளும் பேச்சு முடியிற வரைக்கும் கை நனைக்க மாட்டாக, அதுமாரி நெனச்சுக்கிறலாம். ஆனா பச்சத் தண்ணி கூடவா குடிக்க மாட்டாக? சின்னப் புள்ளைக பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற பாட்டில தோள்ல மாட்டிக்கிட்டு வாராரு. எங்க முன்னாலயே தொறந்து குடிக்காரு. எங்க பானைத் தண்ணி அவருக்கு ஆகாது. ஊரு பூராவும் கழுவி விட்ட தண்ணி மட்டும் எங்க வயலுக்கு ஆகும்கிறாரு. நீயே சொல்லு."

அது எங்கள் மகனுடைய பள்ளிக்கூட பாட்டில். அந்த பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவள் நான்தான். மாமியார் சீரகம் போட்டுக் கொதிக்க வைப்பார். ஊருணித் தண்ணீரில் நரம்புச் சிலந்திப் புழு இருக்கும் என்று அவருக்குப் பயம். சாப்பாடு விஷயம் வேறு. திட்டத்தைக் கொண்டுபோகும் இடத்தில் ஒரு வாய்கூட வாங்கக்கூடாது, வாங்கினால் கையெழுத்துக்கு விலை பேசியதாகும் என்பது என் கணவர் வைத்திருந்த கொள்கை. நான் டப்பாவில் கொடுத்த தயிர்சாதத்தைக் கண்மாய்க்கரையில் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு, தான் ரொம்ப நேர்மையானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயக்கொடி குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஆள்விட்டு விசாரித்திருக்கிறார்கள். சாக்கடை பாயும் ஊரிலிருந்து பெண் எடுப்பதா என்று அங்கே ஒரு பேச்சு. செல்லத்தாய்க்கு இந்தச் சம்பந்தம் அமைந்துவிடும். ஆனால் ஊரில் இன்னும் எத்தனை பெண்கள், எத்தனை பையன்கள் இருக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணில வெளஞ்சத உங்க வீட்ல திங்கிறீகளா?"

கடைசிக் குட்டையின் ஓரமாக இவர் ஒரு துண்டு நிலத்தில் நெல் போட்டிருந்தார். கத்தரியும் வைத்திருந்தார். ஒருமுறை கத்தரிக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாமியார் அதைத் துணிப்பையோடு தூக்கித் தெருமாட்டுக்குப் போட்டுவிட்டார். இதையெல்லாம் மறைப்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மறைக்கவில்லை. இல்லை அக்கா, மாமியார் உள்ளே விட மாட்டார் என்றேன்.

ஜெயக்கொடி முதல் தடவையாகச் சிரித்தார். தங்கள் ஊரிலும் அம்புட்டு மாமியாளும் இதைத்தான் சொல்கிறாள் என்றார். போகும்போது காபி குடிக்கவில்லை. ஆனால் என் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பாதி முகத்தில் சோப்போடு திரும்பிப் பார்த்தார். கொதிக்க வைத்த தண்ணீர்தானே வசு என்றார். மறுபடி கத்தியை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மாமியார் பயந்து ஓடிவந்தார். "அம்மா, மூணு ஃபைல் எழுதினேன். அந்த பாட்டிலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை" என்று கண்ணீர் வர வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு முன் பல மாதமாக அவர் சிரிக்கவே இல்லை.

தையில் அந்தத் துண்டு நிலத்தில் நெல் அறுத்தார்கள். ஒரு சிறு மூட்டை அரிசி வந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் மாமியாரிடம் பேசிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இவருக்குத் தைரியம் போதவில்லை. என்னைத்தான் முன்னால் விட்டார். எனக்கு ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. எங்களுக்குப் பால் ஊற்றுகிற பால்பாண்டி, புல்லுப்பண்ணைப் புல்லைத்தான் தன் மாட்டுக்குப் போடுகிறார். அது எங்கள் இருவருக்கும் ரொம்ப நாளாகத் தெரியும்; அம்மா காபியை விட்டுவிடுவாளோ என்று இவர் சொல்லாமலே வைத்திருந்தார். மாமியார் காபியை ஆற்றிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மிச்சக் காபியைக் குடித்து முடித்தார்.

"பசு தின்றால் அது பசுவுக்குள்ளே போய்ச் சுத்தமாகிவிடுகிறது. அந்த அரிசியை நீ பசு மாதிரி அசைபோட்டு எனக்குப் பால் கறந்து கொடு, சாப்பிடுகிறேன்" என்றார்.

இவர் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதற்குமேல் மாமியாரிடம் நாங்கள் வாதாடவில்லை.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் அந்த அரிசி மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு ஓடைக்கரைப்பட்டிக்குப் போனோம். மார்ச் பாதி ஓடிவிட்டது. தோளில் பாட்டில் இல்லை. விருமாண்டி வீட்டுத் திண்ணையோரம் உட்கார்ந்திருந்த ஆண்டிச்சாமி என்ற பெரியவர் இதை முதலில் கவனித்தார்.

"பாட்டிலு எங்கய்யா இஞ்சினியரே?"

"என் பையனுதுங்க. அவன் திருப்பிக் கேட்டுட்டான்."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ஜெயக்கொடி உள்ளேயிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். துணியில் வடிகட்டித்தான் பானையில் ஊற்றுவோம், பயப்படாமக் குடிங்க என்றார். இவர் செம்பை இரண்டு கையாலும் வாங்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அந்த வாசலே பார்த்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்ததும், தண்ணி நல்லா இருக்குங்க என்றார். ஜெயக்கொடி, அப்புறம் என்ன கொறச்சலு என்று உள்ளே போனார்.

நாங்கள் கொண்டுபோன அரிசியை அவர் அடுப்பிலேயே உலை வைத்தோம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மோந்து பார்த்தாள். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்கள். முற்றத்தில் இலை போட்டார்கள். இவரும் நானும் உட்கார்ந்தோம். எங்களோடு விருமாண்டி உட்கார்ந்தார். ஆண்டிச்சாமி உட்காரவில்லை. சாப்பாடு சாதாரணமாகத்தான் இருந்தது. புது அரிசி என்பதால் கொஞ்சம் குழைந்துவிட்டது.

அப்புறம் நாடக மேடையில் ஊர் கூடியது. பெண்கள் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தோம். இவர் பேசவில்லை, பேச வேண்டியதையெல்லாம் முன்பே பேசியிருந்தார். ஆண்டிச்சாமிதான் எழுந்தார். ஒரு நாளைக்கு வந்து தின்றுவிட்டுப் போவது விருந்து மாதிரி, அது யாராலும் முடியும் என்றார். நாளைக்கு இந்த அய்யாவை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள், அவர் நல்ல அரிசி வாங்கிச் சாப்பிடுவார், நாம்தான் இங்கே கிடப்போம் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கையெழுத்துக்காக விரித்து வைத்திருந்த தாளை இவர் மெதுவாக மடக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

விருமாண்டி கையை உயர்த்தி ஆண்டிச்சாமியை உட்காரச் சொன்னார். பிறகு இவரைக் கேட்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தாயி, அடுப்பு உன் கையில இருக்கு. அதனால உன்னயக் கேக்கேன். இந்தக் கண்மாய் அரிசிய உங்க வீட்ல வருசம் பூரா ஒலை வைப்பீகளா?"

ஊரே என்னைப் பார்த்தது. என் கணவர் மட்டும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டதைப் போல.

"மாமியார் சாப்பிட மாட்டாங்க. அவங்களுக்குத் தனி உலைதான் வைக்கணும். நானும் இவரும் பிள்ளைகளும் சாப்பிடுவோம்" என்றேன்.

முதலில் பெண்கள் பக்கம்தான் சிரிப்பு கிளம்பியது. ஆமா என்று சொல்லிவிட்டுப் போகாமல் மாமியாரை நடுவில் இழுத்துவிட்டேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் விருமாண்டி சிரிக்காமல் தலையாட்டினார். எல்லாரும் திம்போம்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் என்றார். எங்க வீட்லயும் ஒரு கெழவி இருக்கு, அதுக்கும் தனி ஒலதான் வைக்கணும் என்றார். பிறகு நிபந்தனை சொன்னார். அறுப்புக்கு அறுப்பு ஒரு மூடை எங்கள் வீட்டுக்கு வரும். ஓசி கிடையாது, துட்டு கொடுத்து வாங்க வேண்டும். இந்த அய்யா ஓசியில் எதுவும் வாங்கமாட்டார் என்பது ஊருக்குத் தெரியும். எந்த ஊருக்கு மாற்றினாலும் மூடை பின்னாலேயே வரும்.

மடக்கிய தாளை இவர் மறுபடி விரித்தார். முதல் கையெழுத்து விருமாண்டியுடையது. கடைசியாக வந்தவர் ஆண்டிச்சாமி. கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையை இவர் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "போய்த் தொலைங்க தம்பி, தண்ணியக் கொண்டாங்க" என்றார். அய்யா அன்றைக்குத்தான் தம்பி ஆனது. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை நான் துவைக்கப் போனபோது வேண்டாம் என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டார்.

குழாய் நினைத்த மாதிரி சீக்கிரம் வரவில்லை. சிமெண்ட் குழாய் விலை ஏறியது. ரயில் பாதைக்கு அடியில் தோண்ட அனுமதி வாங்கவே ஒரு வருஷம் ஓடியது. கண்மாயின் மேலைக்கரை வரை போகவேண்டியது, பணம் பற்றாமல் கீழை மதகோடு நின்றுவிட்டது. அதை நினைத்து அவர் கடைசி வரை வருத்தப்பட்டார். தண்ணீர் முதலில் வந்தபோது வாடையும் வந்தது. ஊரில் கிண்டலும் வந்தது. ஆனால் அடுத்த வருஷம் கீழ்ப்பக்க வயலெல்லாம் பச்சையாக நின்றது. மூடையும் வந்தது. என் வீட்டு அடுப்பில் இரண்டு பானை ஏறின. மாமியார் தன் பானையைத் தானே வடித்துக்கொள்வார். என் பானையைப் பார்த்துவிட்டு, சாதம் நல்லா உதிரியாக இருக்கிறதே என்று மட்டும் எப்போதாவது சொல்வார்.

எண்பத்தெட்டில், ஒரு வேலைநாள் காலையில், புல்லுப்பண்ணையில் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஓடைக்கரைப்பட்டியிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். விருமாண்டி எங்கள் சந்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். அன்று யாரும் யாரிடமும் எந்த வாசல் வழியாக வரவேண்டும் என்று சொல்லவில்லை.

அடுத்த அறுப்பு முடிந்ததும் ஜெயக்கொடி தானே பஸ்ஸில் வந்தார். மூட்டையைச் சிம்மக்கல் பஸ் நிறுத்தத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார். என் மகன் படிக்க வெளியூர் போய்விட்டான், என் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாமியாருக்கோ எப்போதும் தனி உலை. எனக்கு ஒருத்திக்கு இம்புட்டு எதற்கு அக்கா, அவரோடு அந்தப் பேச்சு முடிந்துபோச்சு இல்லையா என்றேன்.

அவர் மூட்டையை அடுப்படி வரைக்கும் தானே இழுத்துக்கொண்டு போனார். வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்தார்.

"மேடையில ஊரு கேட்டது அவரயா தாயி? உன்னயத்தான்" என்றார்.

பானையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தனக்கும் பசிக்கிறது என்றார். நான் இரண்டு பேருக்கு அரிசி அளந்து களைந்தேன்.